மூளை ரத்தநாளப் புடைப்புக்கு ஸ்டென்ட் வைப்பது பற்றி: ஒரு விரிவான பதில்

ஒரு மகன் தன் தாயாரைப் பற்றிக் கேட்டிருக்கிறார். 54 வயதான அவருக்கு நாள்பட்ட தலைவலிக்காக எடுத்த எம்.ஆர்.ஐ.யில், மூளைக்குச் செல்லும் வலப்பக்க உட்புறக் கரோட்டிட் தமனியில் 9 மில்லிமீட்டர் அளவுள்ள ஒரு புடைப்பு தற்செயலாகத் தெரியவந்திருக்கிறது. அது வெடிக்கவில்லை. அதன் கழுத்து, அதாவது தமனியிலிருந்து பை பிரியும் வாய், அகலமாக இருப்பதால் காயில் என்ற மெல்லிய கம்பிச் சுருளை மட்டும் வைத்து அடைக்க இயலாது என்றும், ரத்த ஓட்டத்தைத் திருப்பும் வலைக்குழலான ஃப்ளோ டைவர்ட்டர் என்ற வகை ஸ்டென்ட் வைக்கலாம் என்றும் மருத்துவர் சொல்லியிருக்கிறார். இது இதயத்தில் வைக்கும் ஸ்டென்ட் போன்றதுதானா, மண்டையைத் திறக்காமல் உண்மையிலேயே குணமாகுமா, வாழ்நாள் முழுவதும் மாத்திரை சாப்பிட வேண்டுமா என்பவை மகனுடைய கேள்விகள். சுருக்கமான விடைகள் இவை: இதய ஸ்டென்ட்டிலிருந்து இதன் நோக்கமே வேறு, சரியாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட புடைப்பு பெரும்பாலும் குணமாகும், ஆனால் அதற்கு மாதக்கணக்கில் ஆகும், மாத்திரையைப் பற்றிய முடிவு, ஸ்டென்ட்டைப் பற்றிய முடிவுக்கு முன்பே எடுக்கப்பட வேண்டியது. இந்த மூன்றாவது விடைதான் மற்ற இரண்டையும்விட முக்கியமானது என்று நான் கருதுகிறேன். அது ஏன் என்பதை விளக்குவதற்கு வேண்டிய பின்னணியைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

மூளையின் அடிப்பகுதியில் தமனிகள் ஒன்றோடொன்று இணைந்து ஒரு வளையமாக அமைந்திருக்கின்றன. வில்லிஸ் வளையம் எனப்படும் இந்த அமைப்பில், தமனிகள் கிளைபிரியும் இடங்களில்தான் பெரும்பாலான புடைப்புகள் தோன்றுகின்றன. அந்த முனைகளில் ரத்தம் ஓயாமல் மோதிக்கொண்டிருப்பதும், மூளைத் தமனிகளின் சுவர் உடலின் மற்றத் தமனிகளின் சுவரைவிட மெல்லியதாக இருப்பதும் இதற்குக் காரணங்கள். வளர்ந்தவர்களில் நூற்றுக்கு ஏறத்தாழ மூன்று பேரிடம் இத்தகைய புடைப்பு இருக்கிறது என்பதும், அவற்றில் மிகப் பெரும்பாலானவை வாழ்நாளில் வெடிப்பதே இல்லை என்பதும் பல குடும்பங்களுக்கு ஆறுதலளிக்கக்கூடிய உண்மைகள். மறுபுறம், வெடித்துவிட்டால் மூளையைச் சுற்றியுள்ள உறைகளுக்கிடையே ரத்தம் பரவி, ஏறத்தாழ மூன்றில் ஒருவர் அல்லது அதற்கும் மேற்பட்டோர் உயிரிழக்கின்றனர். பிழைப்பவர்களில் கணிசமானோருக்கு நிரந்தரக் குறைபாடு நேர்கிறது. அரிதாக நிகழ்வதும், நிகழ்ந்தால் பேரிழப்பாக முடிவதுமான ஓர் ஆபத்தை எடைபோட வேண்டியிருப்பதால்தான், வெடிக்காத புடைப்பைப் பற்றிய முடிவு மருத்துவர்களுக்கே கடினமாக இருக்கிறது.

ஆகவே எந்த ஸ்டென்ட் என்று கேட்பதற்கு முன், சிகிச்சை வேண்டுமா என்று கேட்க வேண்டும். இதற்குப் புடைப்பின் அளவைவிட அது அமைந்திருக்கும் இடம் சில நேரங்களில் அதிகம் பேசும். வெடிக்காத புடைப்புகளை ஐந்தாண்டுகள் தொடர்ந்து கவனித்த பன்னாட்டு ஆய்வு ஒன்றின் முடிவுகள் 2003-இல் வெளியாயின. 7 முதல் 12 மில்லிமீட்டர் வரையிலான புடைப்புகளை எடுத்துக்கொண்டால், மூளையின் முன்பகுதிக்கு ரத்தம் தரும் தமனிகளில் இருந்தவற்றில் ஐந்தாண்டுகளில் 2.6 விழுக்காடு வெடித்தன. பின்பகுதித் தமனிகளிலும், கரோட்டிட் தமனியிலிருந்து பின்நோக்கிச் செல்லும் இணைப்புத் தமனி பிரியும் இடத்திலும் இருந்தவற்றில் இது 14.5 விழுக்காடு. கரோட்டிட் தமனி மண்டைக்குள் நுழைந்தபின், மூளை உறைக்கு வெளியே கேவர்னஸ் சைனஸ் என்ற சிரைக்குழிக்குள் ஓடும் பகுதியில் இருந்தவற்றில் அதே அளவிலான ஒன்றுகூட வெடிக்கவில்லை. அந்த மகன் குறிப்பிடும் 9 மில்லிமீட்டர் புடைப்பு முன்பகுதிக்கான பகுதி, பின்நோக்கிய இணைப்புத் தமனி பிரியும் இடம், சிரைக்குழிக்குள் ஓடும் பகுதி ஆகிய மூன்றில் எதிலும் இருக்கலாம். மூன்றுமே கரோட்டிட் தமனியில் இருப்பதாகவே அறிக்கையில் எழுதப்படும். எனவே மருத்துவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, புடைப்பு அந்தத் தமனியின் எந்தப் பகுதியில் இருக்கிறது, மூளை உறைக்கு உள்ளேயா வெளியேயா என்பதுதான்.

இந்த எண்களையும் வேதவாக்காகக் கொள்ள வேண்டியதில்லை. ஆபத்து அதிகம் என்று மருத்துவர்கள் கருதிய பலர் ஏற்கெனவே சிகிச்சை பெற்றுவிட்டதால், கண்காணிப்பில் இருந்தவர்களிடம் வெடிப்பு குறைவாகத் தெரிந்திருக்கலாம் என்ற விமர்சனம் அந்த ஆய்வின்மீது உண்டு. ஜப்பானில் நடத்தப்பட்டு 2012-இல் வெளியான ஒரு பெரிய ஆய்வு, 3 மில்லிமீட்டரும் அதற்கு மேலுமான எல்லா அளவுகளையும் சேர்த்து ஆண்டுக்கு 0.95 விழுக்காடு வெடிப்பதாகக் கண்டது. ஜப்பானியரிடமும் ஃபின்லாந்து மக்களிடமும் ஆபத்து மற்றவர்களைவிட அதிகம் என்பதையும் சேர்த்தே இதைப் படிக்க வேண்டும். வயது, ரத்த அழுத்தம், புகைப்பழக்கம், புடைப்பின் வடிவம் ஒழுங்கற்று முண்டுமுண்டாக இருப்பது, முன்பு வேறொரு புடைப்பு வெடித்த வரலாறு, நெருங்கிய ரத்த உறவினர் இருவருக்கோ அதற்கு மேற்பட்டோருக்கோ இதே நோய் இருப்பது ஆகிய யாவும் கணக்கில் வருகின்றன. 54 வயதில், நல்ல உடல்நலத்தோடு இருப்பவருக்கு, மூளை உறைக்குள் 9 மில்லிமீட்டர் புடைப்பு இருந்தால் சிகிச்சையைப் பற்றிப் பேசுவது நியாயமானதே. அதே புடைப்பு 80 வயதில், இதயக் கோளாறும் சிறுநீரகக் கோளாறும் உள்ளவரிடம் இருந்தால் நான் கண்காணிப்பையே விரும்புவேன்.

இதய ஸ்டென்ட்டுக்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டுக்கு வருவோம். இதயத் தமனியில் கொழுப்புப் படிந்து பாதை குறுகிவிடுகிறது; அங்கே ஸ்டென்ட் குறுகிய பாதையை விரித்துப் பிடித்து, ரத்தம் தாராளமாக ஓட வழிசெய்கிறது. மூளைப் புடைப்பில் பாதை குறுகவில்லை. பக்கச் சுவரில் ஓரிடம் மெலிந்து, வெளிப்பக்கம் பையாகத் தள்ளிக்கொண்டு, ரத்தம் அதற்குள்ளும் புகுந்து சுழல்கிறது. இதயத்தில் நடப்பது வாய்க்காலைத் தூர்வாருவது என்றால், மூளையில் நடப்பது அரித்துப்போன கரையை உள்பக்கமாகவே கட்டி எழுப்புவது. வேலை வேறாக இருப்பதால் கருவியும் வேறு. இதயத்தில் வைப்பதைப் பலூனால் ஊதி அழுத்தி விரிக்கிறார்கள். மூளையில் வைப்பது, பெரும்பாலும், குழாயிலிருந்து வெளியே தள்ளப்பட்டதும் தானாகவே விரிந்துகொள்ளும் மென்மையான வலை; மண்டைக்குள் கரோட்டிட் தமனி கொள்ளும் கூர்மையான வளைவுகளைத் தாண்டிப் போவதற்கு அந்த மென்மை இன்றியமையாதது. இரண்டும் ஒரே பெயரால் அழைக்கப்படுவதால், அடுத்த வீட்டுக்காரருக்கு இதயத்தில் வைத்து மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்துவிட்டார், ஆகவே இதுவும் அப்படித்தான் என்ற எதிர்பார்ப்போடு பலர் வருகிறார்கள். அந்த எதிர்பார்ப்பை முதலிலேயே களைந்துவிடுவது நல்லது.

மூளைப் புடைப்புக்கு ஸ்டென்ட் வந்து சேர்ந்ததற்கே ஒரு வரலாறு உண்டு. 1937-இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் வால்டர் டாண்டி, மண்டையைத் திறந்து புடைப்பின் கழுத்தில் ஒரு கிளிப்பைப் பொருத்தி அதற்குள் ரத்தம் போகாமல் தடுத்தார். இன்றைக்கும் கிளிப் அறுவைச் சிகிச்சை உயிர்ப்போடு இருக்கிறது. சில புடைப்புகளுக்கு அதுவே சிறந்த வழி. மண்டையைத் திறக்காமல் தமனியின் உள்வழியே சென்று சேரும் முயற்சிகளில் பெரிய திருப்பம், இத்தாலியரான குய்டோ குக்லியெல்மி அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் உருவாக்கிய பிளாட்டினக் காயில். 1990-இல் முதல் நோயாளிக்குப் பயன்படுத்தப்பட்டு, 1995-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் ஒப்புதலைப் பெற்ற இந்த மெல்லிய கம்பிச் சுருள், மைக்ரோ கதீட்டர் என்ற நுண்குழாய் வழியாகப் புடைப்புக்குள் செலுத்தப்பட்டு, அங்கே சுருண்டு நிறைந்ததும் மின்னோட்டத்தால் துண்டிக்கப்படுகிறது. காயில் நிறைந்த பைக்குள் ரத்தம் உறைந்து பை அடைபடுகிறது.

காயிலின் பலவீனம் புடைப்பின் கழுத்தில்தான் வெளிப்பட்டது. பை பெரிதாகவும் வாய் சிறிதாகவும் இருந்தால் காயில் உள்ளேயே நிற்கும். வாய் 4 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ இருந்தாலும், பையின் அகலம் வாயின் அகலத்தைப்போல் இரு மடங்குக்குக் குறைவாக இருந்தாலும் காயில் சரிந்து, புடைப்பு கிளம்பிய தமனிக்குள் வந்துவிடக்கூடும். அப்படி வந்து தமனியை அடைத்தால் பக்கவாதம் நேரும். இதைச் சமாளிக்க பிரான்சில் ஜாக் மொரே, காயில் வைக்கும்போது மட்டும் கழுத்தின் குறுக்கே பலூனை ஊதிப் பிடித்துக்கொள்ளும் முறையைக் கொண்டுவந்தார். பலூனை எடுத்த பிறகும் காயில் நிற்க வேண்டும் என்ற இடத்தில்தான் ஸ்டென்ட் நுழைகிறது. 1997-இல் ராண்டல் ஹிகாஷிடாவின் குழு, மூளையின் அடித்தண்டுக்கு ரத்தம் தரும் பேசிலார் தமனியில் வெடித்த ஒரு புடைப்புக்கு, இதயத்துக்கென உருவாக்கப்பட்ட ஸ்டென்ட்டையே வைத்து, அதன் கண்ணிகளின் வழியாகக் காயிலைச் செலுத்தியதாக அறிவித்தது. மூளைக்கென்றே உருவான நியூரோஃபார்ம் என்ற, நிக்கலும் டைட்டானியமும் கலந்த உலோகத்தாலான ஸ்டென்ட் 2002-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. 2007-இல் என்டர்பிரைஸ் என்ற இன்னொரு ஸ்டென்ட் வந்தது. பிறகு பின்னல் வகை ஸ்டென்ட்டுகளும் வந்தன.

காயிலுக்குத் துணையாக வைக்கப்படும் இந்த ஸ்டென்ட்டின் வேலை, கழுத்தின் குறுக்கே ஒரு வேலியாக நின்று காயிலை உள்ளே தடுத்து வைப்பது. அதன் வலைக்கண்கள் பெரியவை. தமனிச் சுவரில் பத்தில் ஒரு பங்கு அளவையே உலோகம் மூடும். இதனால் ரத்தம் புடைப்புக்குள் போவதை ஸ்டென்ட் மட்டும் பெரிதாகத் தடுத்துவிடாது, தடுக்கும் வேலை காயிலுடையது. பலன் உண்டு, விலையும் உண்டு என்பதைப் பாரிஸ் நகரிலிருந்து 2010-இல் வெளியான ஒரு தொகுப்பு தெளிவாகக் காட்டியது. ஸ்டென்ட் துணையோடு காயில் வைத்தவர்களில் 14.9 விழுக்காட்டினரிடமே புடைப்பு மீண்டும் திறந்தது. ஸ்டென்ட் இல்லாமல் வைத்தவர்களில் அது 33.5 விழுக்காடு. ஆனால் சிகிச்சையால் நேர்ந்த நிரந்தர நரம்பியல் பாதிப்பு ஸ்டென்ட் வைத்தவர்களில் 7.4 விழுக்காடாகவும், வைக்காதவர்களில் 3.8 விழுக்காடாகவும் இருந்தது. ஸ்டென்ட் தேவைப்பட்ட புடைப்புகள் இயல்பிலேயே கடினமானவை என்பதும் இந்த வேறுபாட்டுக்கு ஒரு காரணம். எனினும் ஸ்டென்ட்டைத் தேவையில்லாத இடத்தில் சேர்த்துக்கொள்ளக் கூடாது என்பதற்கு இது போதுமான எச்சரிக்கை. கருவிகளும் கைத்திறனும் அதன்பின் மேம்பட்டிருக்கின்றன.

தாயாருக்குப் பரிந்துரைக்கப்பட்டுள்ள ஃப்ளோ டைவர்ட்டர் இதற்கு அடுத்த தலைமுறை. இங்கே காயில் துணை. பல நேரங்களில் காயிலே இருக்காது. பைப்லைன் என்ற கருவியை எடுத்துக்கொண்டால், கோபால்ட் குரோமியமும் பிளாட்டினம் டங்ஸ்டனும் கலந்த 48 நுண்கம்பிகளால் நெருக்கமாகப் பின்னப்பட்ட குழல் அது. தமனிச் சுவரில் 30 முதல் 35 விழுக்காடு வரை உலோகத்தால் மூடப்படும். இந்த நெருக்கமான வலை கழுத்தின் குறுக்கே நிற்கும்போது, பைக்குள் புகுந்து சுழன்ற ரத்தத்தின் வேகம் குறைகிறது. தேங்கிய ரத்தம் நாட்களில், வாரங்களில் உறைகிறது. அதே காலத்தில் தமனியின் உட்புறத்தைப் போர்த்தும் செல்கள் வலையின் மீது ஊர்ந்து வளர்ந்து, கழுத்தை உள்பக்கமாகவே மூடிப் புதிய சுவரை உண்டாக்குகின்றன. உறைந்த ரத்தத்தை உடல் மெல்ல உறிஞ்சிக்கொள்ள, பை சுருங்குகிறது. பெரிய புடைப்பு அழுத்தியதால் மங்கியிருந்த பார்வையோ, இரட்டையாகத் தெரிந்த பார்வையோ சிலருக்குத் தெளிவடைவது இந்தச் சுருக்கத்தால்தான். பைக்குள் காயிலை அடைத்தால் அந்தச் சுமை அங்கேயே இருந்துவிடும்.

வலை நெருக்கமாக இருந்தால் அதே இடத்தில் பிரியும் கிளைத் தமனிகளும் அடைபடாதா என்ற கேள்வி இயல்பாகவே எழும். கிளைத் தமனியின் மறுமுனையில் உயிருள்ள திசு இருக்கிறது. அது ரத்தத்தை இடைவிடாமல் ஈர்த்துக்கொண்டே இருப்பதால், வலையின் கண்கள் வழியே ஓட்டம் தொடர்கிறது. புடைப்போ மூடிய பை. அதற்குள் சென்ற ரத்தத்துக்கு வேறு வழி இல்லை. ஓட்டம் தேவைப்படும் இடம் திறந்தும், தேவையற்ற இடம் மூடியும் போவதற்கு இந்த எளிய வேறுபாடே காரணம். கண்ணுக்கு ரத்தம் தரும் தமனி வலையால் மூடப்பட்டாலும் பெரும்பாலும் திறந்தே இருப்பதும், சிலரிடம் அது மெல்ல அடைபட்டாலும் முகத்தின் வெளிப்புறத் தமனிகளிலிருந்து கண்ணுக்கு ரத்தம் வந்துவிடுவதால் பார்வை தப்பிவிடுவதும் இதனால்தான். பார்வையில் பாதிப்பு நேர்ந்தவர்களும் உண்டு. ஆகவே கண் தமனிக்கு அருகிலுள்ள புடைப்பு என்றால், சிகிச்சைக்கு முன்பும் பின்பும் கண் மருத்துவரின் பரிசோதனை இருக்க வேண்டும்.

ஃப்ளோ டைவர்ட்டரின் பலனைப் பற்றிய சான்று வலுவாகவே இருக்கிறது. அர்ஜென்டினாவின் புவெனஸ் அயர்ஸ் நகரில் பெத்ரோ லிலிக்கின் குழு 53 நோயாளிகளிடம் கண்ட முடிவுகள் 2009-இல் வெளியாயின. காயிலால் எளிதில் அடைக்க முடியாத பெரிய புடைப்புகளைக் கொண்ட 108 பேரைச் சேர்த்துக்கொண்ட ஓர் ஆய்வின் அடிப்படையில் 2011 ஏப்ரலில் பைப்லைனுக்கு அமெரிக்க ஒப்புதல் கிடைத்தது. அந்த ஆய்வில் புடைப்புகளின் சராசரி அளவே 18 மில்லிமீட்டர். ஆறு மாதத்தில் 73.6 விழுக்காடு, ஓராண்டில் 86.8 விழுக்காடு, ஐந்தாண்டில், பரிசோதனைக்கு வந்தவர்களிடம், 95.2 விழுக்காடு முழுமையாக அடைபட்டிருந்தன. நேரம் செல்லச் செல்ல அடைப்பு கூடுகிறது என்பதே இதில் கவனிக்க வேண்டியது. காயிலில் நேர்மாறாக, முதலில் நன்றாக அடைபட்டதில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்று காலப்போக்கில் ஓரளவு திறந்துகொள்ளும். அதே ஆய்வில் 5.6 விழுக்காட்டினருக்குப் பெரிய பக்கவாதமோ, நரம்பியல் காரணத்தால் மரணமோ நேர்ந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் அது பாதி உண்மையாகிவிடும். தாயாரின் நிலைக்கு இன்னும் நெருக்கமானது, 12 மில்லிமீட்டர் வரையிலான வெடிக்காத அகலக்கழுத்துப் புடைப்புகளைக் கொண்ட 141 பேரிடம் நடந்த பிற்கால ஆய்வு. அதில் ஓராண்டில் 76.8 விழுக்காடு முழுமையாக அடைபட்டன. பெரிய பக்கவாதமும் மரணமும் சேர்த்து 2.1 விழுக்காடு. தேர்ந்த மையங்களில் பெறப்பட்ட எண்கள் இவை. உங்கள் மருத்துவரின் கையில், உங்கள் மருத்துவமனையில் என்ன விகிதம் என்று கேட்பது மரியாதைக் குறைவு அல்ல. நல்ல மருத்துவர் அதற்கு நேராகவே பதில் சொல்வார்.

இனி மாத்திரை. தமனிக்குள் வைக்கப்பட்ட எந்த உலோகத்தின் மீதும் ரத்தத் தட்டணுக்கள் ஒட்டிக்கொள்ள முயலும். செல்கள் வளர்ந்து உலோகத்தைப் போர்த்தி முடிக்கும் வரை அந்த ஆபத்து நீடிக்கும். நெருக்கமாகப் பின்னப்பட்ட வலையில் உலோகம் அதிகம் என்பதால் ஆபத்தும் அதிகம். ரத்தக் கட்டி ஒட்டி வளர்ந்தால் ஸ்டென்ட் அடைபடும், துண்டு பெயர்ந்தால் மூளைக்குள் போகும். இரண்டுமே பக்கவாதம். இதைத் தடுக்க ஆஸ்பிரினையும் குளோபிடோக்ரெலையும் சிகிச்சைக்குச் சில நாட்கள் முன்பிருந்தே தொடங்கி, இரண்டையும் சேர்த்து மூன்று முதல் ஆறு மாதங்கள் வரையும், சிலருக்கு அதற்கு மேலும் கொடுத்து, அதன் பிறகு ஆஸ்பிரினை மட்டும் நீண்ட காலம் தொடர்வதே பொதுவான நடைமுறை. கால அளவு மையத்துக்கு மையம் வேறுபடும். வாழ்நாள் முழுவதும் ஆஸ்பிரின் என்று சொல்பவர்களும் உண்டு. இந்த ஏற்பாட்டைத் தாயாரால் ஒழுங்காகப் பின்பற்ற முடியுமா என்பதே ஸ்டென்ட் வைக்கலாமா என்பதற்கான உண்மையான தேர்வு. வயிற்றுப் புண்ணிலிருந்து ரத்தம் கசிந்த வரலாறு உள்ளவர், அடுத்த சில மாதங்களில் வேறொரு பெரிய அறுவைச் சிகிச்சைக்குக் காத்திருப்பவர், மாத்திரையை மறந்துவிடும் வழக்கமுள்ளவர் ஆகியோருக்கு, தலையைத் திறந்து கிளிப் வைப்பது கேட்பதற்கு அச்சமூட்டினாலும் நடைமுறையில் பாதுகாப்பானதாக இருக்கக்கூடும்.

தமிழர்கள் இதில் கூடுதலாகக் கவனிக்க வேண்டிய ஒரு செய்தி இருக்கிறது. குளோபிடோக்ரெல் விழுங்கிய வடிவில் வேலை செய்வதில்லை. கல்லீரலில் உள்ள ஒரு நொதி அதை மாற்றியமைத்த பிறகே அது தட்டணுக்களைத் தடுக்கும். அந்த நொதியைப் பலவீனமாக்கும் மரபணு மாற்றம் தெற்காசியர்களிடம் மிகவும் பரவலாக இருக்கிறது. பிரிட்டனில் வாழும் வங்காளதேச, பாகிஸ்தான் வம்சாவளியினரிடம் நடந்த ஆய்வில் 57 விழுக்காட்டினரிடம் இது காணப்பட்டது; தமிழர்களிடமும் இது பரவலாக உள்ளது என்பதைப் புதுச்சேரி ஜிப்மர் ஆய்வாளர்கள் இருபது ஆண்டுகளுக்கு முன்பே காட்டியிருக்கிறார்கள். இத்தகையவர்கள் மாத்திரையை ஒரு நாள்கூடத் தவறாமல் சாப்பிட்டாலும் முழுப் பாதுகாப்பும் கிடைக்காமல் போகலாம். எனவே ஸ்டென்ட் வைப்பதற்கு முன், தட்டணுக்களின் செயல்பாட்டை அளக்கும் ரத்தப் பரிசோதனை செய்யப்படுமா, மருந்து போதவில்லை என்றால் டைகாக்ரெலர் அல்லது பிராசுக்ரெல் கொடுக்கப்படுமா என்று கேளுங்கள். அந்தப் பரிசோதனையின் பயன் பற்றி மருத்துவர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. நான் அதைச் செய்துபார்ப்பவர்களின் பக்கம். மருந்து அளவுக்கு மீறி வேலை செய்தால் ரத்தக்கசிவு ஆபத்து கூடும் என்பதால், அந்தப் பரிசோதனை மறுபக்கத்துக்கும் உதவும்.

இதனோடு சேர்ந்த இன்னொன்று, நம் வீடுகளில் காஸ் மாத்திரை என்று சாதாரணமாக வாங்கிப் போட்டுக்கொள்ளும் ஒமிப்ரசோல். குளோபிடோக்ரெலை மாற்றியமைக்கும் அதே நொதியை ஒமிப்ரசோல் தடுத்துவிடுகிறது. 2009-இலேயே அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இதைப் பற்றி எச்சரித்தது. வயிற்றைக் காக்க மாத்திரை தேவை என்றால் பாண்டோப்ரசோல் பொதுவாக விரும்பப்படுகிறது. மருந்துக்கடையில் ஒன்றுக்குப் பதில் இன்னொன்றைத் தருவது நம் ஊரில் வழக்கமாக இருப்பதால், சீட்டில் எழுதியதையே கேட்டு வாங்க வேண்டும். மூட்டுவலிக்கு என்று தானாக வாங்கிச் சாப்பிடும் வலி மாத்திரைகளும் இந்தக் காலத்தில் ஆகாது. அவை ரத்தக்கசிவைக் கூட்டும்.

வெடித்த புடைப்புக்கு ஏன் ஸ்டென்ட்டை முதல் தேர்வாக வைப்பதில்லை என்பதும் இதே காரணத்தால்தான் விளங்கும். வெடித்த புடைப்பில் ரத்தம் உறைய வேண்டும். ஸ்டென்ட்டுக்கோ ரத்தம் உறையாமல் இருக்க வேண்டும். வெடித்தவர்களில் பலருக்கு மூளை நீர் தேங்குவதால் மண்டையில் சிறு துளையிட்டு வடிகுழாய் வைக்க வேண்டிவரும். இரட்டை மாத்திரையில் இருப்பவருக்கு அந்தத் துளையின் வழியிலேயே ரத்தக்கசிவு நேரலாம். அதோடு ஃப்ளோ டைவர்ட்டர் வைத்த அன்றே புடைப்பு மூடிவிடாது. மறுபடி வெடிக்கும் ஆபத்து மிக அதிகமான முதல் நாட்களில் அது திறந்தே இருக்கும். ஆகவே வெடித்த புடைப்பில், இயலும்போதெல்லாம், காயிலோ கிளிப்போதான் முதலில். 2143 பேரைச் சேர்த்துக்கொண்டு 2002-இல் வெளியான புகழ்பெற்ற ஒப்பீட்டு ஆய்வில், வெடித்த புடைப்புக்குக் காயில் வைக்கப்பட்டவர்களில் 23.7 விழுக்காட்டினரும், கிளிப் வைக்கப்பட்டவர்களில் 30.6 விழுக்காட்டினரும் ஓராண்டு முடிவில் இறந்தோ பிறரைச் சார்ந்தோ இருந்தனர். அந்த ஆய்வு ஸ்டென்ட்டைப் பற்றியதும் அல்ல, வெடிக்காத புடைப்பைப் பற்றியதும் அல்ல. ஆனால் வெடிக்காத புடைப்புள்ள குடும்பங்களுக்கு அதையே சான்றாகக் காட்டுவதைப் பார்த்திருக்கிறேன்.

சிகிச்சை நாளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. முழு மயக்கம் கொடுத்து, தொடையிடுக்கிலோ மணிக்கட்டிலோ உள்ள தமனியில் ஊசித்துளை வழியே குழாயைச் செலுத்தி, எக்ஸ்-ரே திரையைப் பார்த்தவாறே மூளைத் தமனி வரை கொண்டுசென்று, ஸ்டென்ட்டை விரித்துவிட்டுக் குழாயை வெளியே எடுத்துவிடுவார்கள். ஆஞ்சியோகிராமுக்கான சாயம் சிறுநீரகத்தின் வழியே வெளியேறுவதால், நீரிழிவுக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுபவர்களும் சிறுநீரகக் குறைபாடு உள்ளவர்களும் முன்னதாகவே அதைத் தெரிவிக்க வேண்டும். வைக்கப்பட்ட ஸ்டென்ட்டைப் பிறகு வெளியே எடுக்க இயலாது. நிக்கல் உலோகத்துக்குக் கடுமையான ஒவ்வாமை இருந்தால் அதையும் சொல்லிவிட வேண்டும். சில ஸ்டென்ட்டுகளில் நிக்கல் கலந்திருக்கிறது.

செலவைப் பற்றிய ஒரு தெளிவு. 2017 பிப்ரவரியில் இந்திய அரசு விலை உச்சவரம்பு விதித்தது இதய ஸ்டென்ட்டுகளுக்கு. மூளைக்கு வைக்கப்படுபவை வேறு. ஃப்ளோ டைவர்ட்டர் ஒன்றின் விலையே பல லட்சம் ரூபாய். காப்பீடு இருந்தால், கருவியின் விலை முழுவதும் அதில் அடங்குமா என்பதை எழுத்தில் உறுதிசெய்துகொள்வது நல்லது. சில நேரங்களில் ஒன்றுக்குப் பதில் இரண்டு தேவைப்படலாம் என்பதையும் முன்கூட்டியே கேட்டுவையுங்கள்.

சிகிச்சைக்குப் பின் நேரக்கூடியவற்றில் பக்கவாதத்தைப் பற்றி மேலே சொன்னேன். அரிதான வேறு இரண்டு உண்டு. ஃப்ளோ டைவர்ட்டர் வைத்த சில நாட்களில் அல்லது வாரங்களில், பெரிய புடைப்புகளில், அடைபடுவதற்கு முன்பே வெடிப்பு நேர்வது ஒன்று. புடைப்புக்குச் சற்றும் தொடர்பில்லாத மூளைப் பகுதிக்குள் ரத்தக்கசிவு நேர்வது மற்றொன்று. இரண்டும் நூற்றுக்கு ஓரிருவர் என்ற அளவில் இருப்பவை. மாதங்கள் கழித்து ஸ்டென்ட்டுக்குள் செல்கள் மிகையாக வளர்ந்து பாதை குறுகுவதும் சிலரிடம் காணப்படுகிறது. பெரும்பாலும் அது அறிகுறியின்றி ஆஞ்சியோகிராமில் மட்டும் தெரியும். மாத்திரையை அவசரப்பட்டு நிறுத்தக் கூடாது என்பதற்கு இதுவும் ஒரு காரணம். பொதுவாக ஆறு மாதத்திலும் ஓராண்டிலும் ஆஞ்சியோகிராம் எடுத்துப் பார்ப்பார்கள். இன்றைய மூளை ஸ்டென்ட்டுகளோடு எம்.ஆர்.ஐ. எடுக்கலாம், ஆனால் ஸ்டென்ட் இருக்கும் இடத்தில் உலோகத்தால் படம் மங்கும் என்பதால், தமனியின் உட்புறத்தைத் துல்லியமாகப் பார்க்கக் கதீட்டர் ஆஞ்சியோகிராமே தேவைப்படும். ஸ்டென்ட்டின் பெயரும் அளவும் எழுதிய அட்டையை வாங்கிப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். வேறொரு ஊரில் எம்.ஆர்.ஐ. எடுக்க நேர்ந்தால் அதைத்தான் முதலில் கேட்பார்கள்.

நாள்பட்ட தலைவலி இந்தச் சிகிச்சையால் தீரும் என்று எதிர்பார்க்க வேண்டாம். 9 மில்லிமீட்டர் புடைப்பு வெடிக்காமல் இருக்கும்போது தலைவலிக்கு அதுவே காரணமாக இருப்பது அரிது. தலைவலியைத் தனியாகக் கவனிக்க வேண்டும். ரத்த அழுத்தத்தைக் கட்டுக்குள் வைப்பதும், வீட்டில் யாரேனும் புகைபிடித்தால் அதை நிறுத்துவதும் ஸ்டென்ட் வைத்தாலும் வைக்காவிட்டாலும் செய்ய வேண்டியவை. தேதி குறிப்பதற்கு முன், நரம்பியல் அறுவை மருத்துவர் ஒருவரும் தமனிவழிச் சிகிச்சை செய்பவர் ஒருவரும் சேர்ந்து படங்களைப் பார்த்து முடிவுசெய்திருக்கிறார்களா என்று விசாரியுங்கள். கிளிப் பரிசீலிக்கப்பட்டு ஏன் கைவிடப்பட்டது என்பதற்கு ஒரு காரணம் சொல்லப்பட வேண்டும்.

மாத்திரை சாப்பிடும் மாதங்களில் பல் பிடுங்குவது, கண்புரை அறுவை, குடல் உள்நோக்கிப் பரிசோதனை போன்ற எதற்காகவும், ஸ்டென்ட் வைத்த மருத்துவரைக் கேட்காமல் ஒரு வேளை மாத்திரையைக்கூட நிறுத்தக் கூடாது. பல் மருத்துவர் நிறுத்தச் சொன்னால், இருவரையும் தொலைபேசியில் பேசவைத்துவிடுங்கள். திடீரென்று, வாழ்நாளில் கண்டிராத கடுமையுடன் தலைவலி வந்தாலோ, ஒரு கண்ணின் இமை தொங்கிக் கண்மணி விரிந்திருந்தாலோ, முகம் கோணினாலோ, கை கால் தளர்ந்தாலோ, பேச்சுக் குழறினாலோ, சிகிச்சைக்கு முன்பானாலும் பின்பானாலும், மூளை ஆஞ்சியோகிராம் வசதி உள்ள மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு நேராகச் செல்லுங்கள். சாப்பிட்டுவரும் மாத்திரைகளின் பட்டியலைக் கையோடு கொண்டுசெல்லுங்கள்.